அரை டெஸ்ட், ஏழு மாத்திரை

1. முதல் ஷாக் எனக்குத்தான்

வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஷாக் வைத்தார்கள். தவறிப்போய் இல்லை, வேண்டுமென்றே. டெல்லியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் நரம்பு டெஸ்ட் அறை அது. சீனியர் டெக்னீஷியன் ஷர்மாஜி ஸ்டிமுலேட்டரை என்னிடம் கொடுத்து, "பெஹலே அப்னே ஹாத் பர் லகாவ்" என்றார். முதலில் உன் கையில் வைத்துப் பார், அடுத்தவர் கையில் வைப்பது அப்புறம் என்று அர்த்தம். மணிக்கட்டில் வைத்து பட்டனை அழுத்தினேன். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. "எம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்கள். ஷர்மாஜிக்கு அதில் சந்தோஷம்தான், அன்றைக்குக் கூட்டம் குறைந்தது.

என் பெயர் செண்பகம். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி டெல்லிக்கு வந்து, முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஒரே வேலையைச் செய்து ரிட்டயர் ஆனவள். இப்போது இந்த டெக்னீஷியன் படிப்பு படிக்கிற பிள்ளைகள் சிலர் ஏதாவது எழுதிக் கொடுங்கள் ஆன்ட்டி என்று கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தடுமாறும். இருந்தாலும் எழுதுகிறேன். அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் டெஸ்ட்டுக்கு என்.சி.வி. என்று பெயர். தோலின் மேல் சின்னதாகக் கரண்ட் வைப்போம். அது நரம்பு வழியாக ஓடி இன்னொரு இடத்தில் ஒட்டியிருக்கும் எலக்ட்ரோடில் வந்து சேரும்போது திரையில் ஓர் அலை எழும்பும். அலை நன்றாக எழும்பினால் நரம்பு நன்றாக இருக்கிறது. குறுகினால் கெட்டுக்கொண்டிருக்கிறது. கோடு மட்டையாகக் கிடந்தால் அந்த நரம்பு பேசவில்லை. நரம்பில் இரண்டு வகை உண்டு. தொட்டால், சுட்டால் மூளைக்குச் சொல்வது சென்சரி. தசையை ஆட்டி வைப்பது மோட்டார். முழு டெஸ்ட் என்றால் இரண்டு கை, இரண்டு கால், இரண்டு வகையும் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும்.

இதைத் தெரிந்துகொண்டால் போதும். மீதியைக் கதை சொல்லும்.

2. சராபி கேஸ்

எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மேனுவலிலும் இல்லாதது. டெஸ்ட்டுக்கு வரும் ஃபார்மில் டாக்டர் ஒரு வரி எழுதியிருப்பார்: சர்க்கரை நோயாளி, முதுகு வலி, இப்படி. அதில் 'ஆல்கஹாலிக்' என்ற வார்த்தை இருந்தால் நாங்கள் கையைத் தொட மாட்டோம். கால்களில் மட்டும் பார்ப்போம். இரண்டு சென்சரி, ஒரு மோட்டார், பத்து நிமிஷம், போய் வா. இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'அரை டெஸ்ட்'. ஷர்மாஜி காலத்தில் கூட்டத்தைச் சமாளிக்க ஆரம்பித்தது. ஒரே ஒரு மெஷின், வாசலில் நாற்பது பேர், என்ன செய்வது? "சராபி கேஸ் ஹை, ரிசல்ட் தோ மாலூம் ஹை" என்பார் அவர். குடிகாரன் கேஸ், ரிசல்ட்தான் தெரியுமே. அவர் போன பிறகும் நான் அதை அப்படியே வைத்துக்கொண்டேன். எனக்குக் குடிகாரர்கள் மேல் கொஞ்சம் கடுப்பும் உண்டு. ஏன் என்பது என் வீட்டுச் சமாசாரம், இங்கே வேண்டாம்.

செங்கோடன் முதல் தடவை வந்தபோதும் அவருக்கு நடந்தது அரை டெஸ்ட்தான். ஐம்பத்தேழு வயது இருக்கும். நாமக்கல்காரர். லோதி ரோட்டில் ஓர் ஆபீஸில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை, கோல் மார்க்கெட்டில் குவார்ட்டர்ஸ். இருபது வருஷம் ஆபீஸ் முடிந்ததும் சிநேகிதர்களோடு உட்கார்ந்து குடித்திருக்கிறார். ஆறு மாசம் முன்னால் நிறுத்திவிட்டாராம். பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துகிற வலி.

"நெருப்பு மேல நடக்கறாப்ல இருக்குதுங்க சிஸ்டர்," என்றார்.

"இருபது வருஷமா ஊத்தும்போது குளுகுளுன்னு இருந்துச்சுல்ல? இப்ப எரியத்தான் செய்யும். காலை நீட்டுங்க அண்ணாச்சி," என்றேன் நான்.

அவர் காலை நீட்டினார். அவரோடு வந்திருந்த மனைவி சரசு, "நல்லாக் கேளுங்கக்கா" என்று சிரித்தாள். சென்சரி அலை இரண்டு காலிலும் மிகச் சின்னது. மோட்டார் ஒன்று பார்த்தேன், ஜம்மென்று இருந்தது. ஆரம்பக் கட்டம்போல என்று நினைத்துக்கொண்டேன். ரிப்போர்ட் போயிற்று. குடியால் வந்த நரம்புக் கோளாறு, குடியைத் தொடாதே, நன்றாகச் சாப்பிடு, வைட்டமின் எடுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னதில் தப்பும் இல்லை. குடி நரம்பை நேராகவே கெடுக்கும். குடிக்கிறவன் சோற்றைக் குறைப்பதால் பி-1 மாதிரிச் சத்துகள் இறங்கியும் கெடுக்கும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் வேறு யாரும் எதையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

3. பொழுது சாய்ந்தால் தள்ளாட்டம்

ஒரு வருஷம் கழித்து, ஜனவரி மாதம், அதே ஃபார்மோடு திரும்ப வந்தார்கள். இந்தத் தடவை சரசு சிரிக்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். கீழே குனிந்து தன் கால் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து அடி வைத்தார். சட்டைப் பட்டன் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது.

டெல்லிக் குளிரில் எங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கால் ஜில்லென்றிருந்தால் நரம்பு மெதுவாக ஓடும், டெஸ்ட் தப்பாகக் காட்டும். அதனால் முதலில் வெந்நீர் வாளியில் காலை வைத்துச் சூடாக்குவோம். அவரை வாளியில் காலை வைக்கச் சொன்னேன். வெந்நீர் தாங்குகிற சூடா என்று நான்தான் கையை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அவருக்குச் சூடே தெரியவில்லை. ஆனால் எரிச்சல் மட்டும் இரவு பகல் பார்க்காமல் இருக்கிறதாம்.

"ஏனுங்க, நான் கொஞ்சம் அக்காகிட்டப் பேசிட்டு வாரன்," என்று சொல்லிவிட்டு சரசு என்னைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கோணும். இந்த மெஷின்ல குடிச்சிருந்தா தெரியுமுங்களா?"

"அதெல்லாம் தெரியாது. எதுக்குக் கேக்கீய?"

"இவிய திரும்பவும் குடிக்கறாங்க அக்கா."

"பாத்தீயளா?"

"பாக்கலீங்க. ஆனா நிறுத்தினா வலி கொறையும்னு தானே டாக்டர் சொன்னாங்க? ஒன்றரை வருஷம் ஆச்சு, கூடிட்டே போகுது. அதுவும் பகல்ல பாத்துப் பாத்து நடந்துக்கறாங்க. பொழுது சாஞ்சாத் தள்ளாடறாங்க. குடிக்கறவங்க பொழுது சாஞ்சுதானே குடிப்பாங்க? மந்திர் மார்க் ரோட்டுல இருந்து வீட்டுக்கு வரங்காட்டி மூணு தடவை விழுந்து எந்திரிச்சாங்க. பக்கத்து வீட்டு பையா வந்து, 'அச்சா, பிர் ஷுரூ?', மறுபடி ஆரம்பிச்சாச்சான்னு கேட்டுச் சிரிக்கறான். நெதமும் வாயை மோந்து பாக்கறன். வாசனை வரலீங்க. என்னத்தையோ போட்டு மறைக்கறாங்க."

குரலை இன்னும் தாழ்த்தினாள். "அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு டிக்கெட் எடுத்துட்டனுங்க. நாமக்கல்ல மக வீட்டுக்குப் போறன். திரும்பி வர்ற டிக்கெட் எடுக்கலீங்க. இருபது வருஷம் பொறுத்தேன். நிறுத்திட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டு இப்படி ஏமாத்தினா எப்படி பொறுக்கறது? இவியளுக்கு இன்னும் தெரியாது."

எனக்கு அவள் மேல் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், நானும் அவள் சொன்னதை நம்பினேன். பொழுது சாய்ந்தால் தள்ளாட்டம் என்றால் வேறு என்னவாக இருக்கும்? அறைக்குள் திரும்பும்போது அவரை நாலு வார்த்தை வைது தீர்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

4. மருந்தே இல்லீங்க

உள்ளே போனால் மனுஷன் வாளியில் காலை வைத்துக்கொண்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறார். உள்ளங்கையில் மூன்று மாத்திரை. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று பெரிய கேப்ஸ்யூல். தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது? ஃபார்ம்ல மருந்து ஒண்ணும் சாப்பிடலன்னு எழுதியிருக்கு?"

"மருந்தே இல்லீங்க சிஸ்டர். இது சத்து மாத்திரை. பதினோரு மணிக்கு இது. சரசு டைம் வச்சுக் குடுப்பா. மறந்தா வையுவா."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

விரல் விட்டு எண்ணினார். "ஏழுங்க."

ஏழு! டப்பாவை வாங்கி அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று வெவ்வேறு பெயர், மூன்று வெவ்வேறு நிறம். பின்னால் பொடி எழுத்தில் மூன்றிலும் ஒரே பெயர் இருந்தது: பைரிடாக்ஸின். பி-6 என்று சொல்வார்கள். அந்தச் சத்து குறைந்தால் நரம்பு கெடும். பல மாசம் அளவுக்கு மீறிப் போனாலும் நரம்பு கெடும். எனக்கு அது ஒரு பழைய கேஸால் தெரியும். டாக்டர் பாட்டியா மேடம், எங்கள் நரம்பு டாக்டர், மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

வைய வந்த வாய் மூடிக்கொண்டது. அன்றைக்கு முழு டெஸ்ட் பார்த்தேன். வாசலில் கூட்டம் கத்தியது, "ஜல்தி கரோ மேடம்" என்று கதவைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். கால் சென்சரி, கோடு மட்டை. கை சென்சரி, அதுவும் மட்டை. இரண்டு கையிலும். மோட்டார் பார்த்தேன். கையிலும் சரி காலிலும் சரி, ஒன்றுவிடாமல் அலை நிமிர்ந்து நின்றது. நெடுநாள் குடியில் பொதுவாக இப்படி வராது. காலில் ஆரம்பித்து மெல்ல மேலே ஏறும், மோட்டாரும் கூடவே கொஞ்சம் இறங்கும். இங்கே தொடு உணர்ச்சி மட்டும் நாலு பக்கமும் சேர்ந்து படுத்திருந்தது.

டெக்னீஷியன் வியாதிக்குப் பெயர் வைக்கக் கூடாது. அது எங்கள் வேலை இல்லை. ஆனால் கிராஃபையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மேடம் அறைக்கு ஓடக் கூடாது என்று எந்த ரூலும் இல்லை.

5. ஆங்க் பந்த் கரோ

பாட்டியா மேடம் கிராஃபைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், எழுந்து என்னோடு வந்துவிட்டார். செங்கோடனை அறையின் நடுவில் நிற்க வைத்தார். "பைர் ஜோட் கே கடே ஹோ ஜாயியே." கால் இரண்டையும் சேர்த்து நின்றார். நன்றாகவே நின்றார். சரசு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப் ஆங்க் பந்த் கரோ."

"கண்ணை மூடுங்க அண்ணாச்சி," என்றேன்.

மூடினார். இரண்டு விநாடி ஆகவில்லை, ஆள் அப்படியே ஆடி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மேடமும் நானும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டோம். கண்ணைத் திறந்ததும் நேராக நின்றார். மேடம் மறுபடி மூடச் சொன்னார், அவர் மறுபடி சாய்ந்தார்.

மேடம் இந்தியில் சொன்னதை நான் தமிழில் சரசுவுக்குச் சொன்னேன். அவளுக்குக் காய்கறி வாங்குகிற அளவு இந்திதான் தெரியும். "மதினி, இங்க பாருங்க. நம்ம கால் எங்க இருக்குன்னு நரம்புதான் மூளைக்குச் சொல்லுது. இவருக்கு அந்த நரம்பு பேசல. அதனால கண்ணால பாத்துப் பாத்துச் சமாளிக்காரு. பகல்ல கண்ணு தெரியுது, நடக்காரு. பொழுது சாஞ்சா கண்ணுக்கும் தெரியல, காலுக்கும் தெரியல. விழுந்துடுதாரு. இப்ப மணி பன்னெண்டு. உங்க கண்ணு முன்னால நிக்காரு. குடிச்சா ஆடுதாரு?"

சரசு கதவோரத்திலிருந்து உள்ளே வந்தாள். கிட்டே போய் வழக்கப்படி அவர் வாயை மோந்து பார்த்தாள். அவரும் வழக்கப்படி வாயைத் திறந்து காட்டினார். ஒன்றரை வருஷமாக ஒரு மனுஷன் தினமும் வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்.

பிறகு அவர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். வாளி ஓரத்தில் துண்டு இருந்தது, அதை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "நான் குடிக்கல சரசு. குடிக்கலன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று துண்டுக்குள்ளிருந்தே சொன்னார்.

6. அவகிட்டச் சொல்லாதீங்க

மேடம் நேராக ஒரு முடிவுக்குத் தாவவில்லை. ரத்தத்தில் சர்க்கரை, பி-12, தைராய்டு, கிட்னி எல்லாம் பார்க்கச் சொன்னார். எப்போதாவது நரம்பைக் கெடுக்கும் டி.பி. மாத்திரை சாப்பிட்டாரா, இடுப்பில் நரம்பு அழுத்தமா என்றும் கேட்டார். குடித்தவன் என்பதற்காக மற்ற காரணங்கள் அவனை விட்டுவிட்டுப் போகாது, இரண்டு மூன்று சேர்ந்தும் வரலாம் என்பார் அவர். பி-6 அளவு பார்க்க ரத்தம் வெளி லேபுக்குப் போயிற்று. மாத்திரை எல்லாவற்றையும் அன்றே நிறுத்தச் சொன்னார். ரிசல்ட் வந்ததும் வெள்ளிக்கிழமை வரச் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை சரசுவின் டிக்கெட்.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. மற்றதெல்லாம் சரி, பி-6 மட்டும் எக்கச்சக்கம். குடி ஏற்கெனவே கொஞ்சம் கெடுத்து வைத்திருக்க வேண்டும், அதன் மேல் இந்த மாத்திரைகள் ஏறிக்கொண்டன என்று மேடம் சொன்னார். இதைத் தமிழில் சொல்லி, மாத்திரைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டுச் சொல்லும்படி என்னிடம் விட்டார்.

சரசு டோக்கன் வரிசையில் இருந்தாள். செங்கோடனை மட்டும் உட்கார வைத்துக் கேட்டேன். சிவப்பு மாத்திரை, அவர் குடியை நிறுத்திய புதிதில், எங்களிடம் முதல் தடவை வருவதற்கு முன்பே, அவருடைய ஆபீஸ் மருத்துவக் கார்டில் டிஸ்பென்சரியில் மூன்று மாசத்துக்கு எழுதிக் கொடுத்தது. மூன்று மாசம் என்றோ முடிந்துவிட்டது, சரசு கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டே இருந்தாள். மஞ்சள் மாத்திரை அவளுடைய பெயரில் வந்தது. தனக்குக் கை மரத்துப்போகிறது என்று பொய் சொல்லி வாங்கி, இவருக்குக் கொடுத்தாள். கேப்ஸ்யூல், 'நஸ் கம்ஸோர்', அதாவது நரம்பு பலவீனம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மருந்துக் கடையில் வாங்கியது. அவருக்கு வலி கூடக் கூட அவள் மாத்திரையையும் கூட்டியிருக்கிறாள்.

விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், உங்களைக் கும்புட்டுக் கேக்கறன். அவகிட்டச் சொல்லாதீங்க."

"என்னத்தை?"

"மாத்திரையாலன்னு. பழைய குடிதான் காரணம்னே சொல்லிருங்க. நான் எப்படியும் குடிகாரன்தானுங்களே, எனக்கு அது பழகிப்போச்சு. ஆனா அவ... வரிசைல மணிக்கணக்கா நின்னு வாங்கினாளுங்க. அவ தாங்க மாட்டா."

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? ஞாயித்துக்கெழமை அவ உங்களை விட்டுட்டுப் போகப் போறா, தெரியுமா? திரும்பி வர்ற டிக்கெட்டு எடுக்காம!"

சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது, அதுதான் என் குணம். அவர் என் கையை விட்டார்.

"தெரியுமுங்க," என்றார். "டிக்கெட்டு அரிசி டப்பாக்குள்ள இருக்குது. பாத்துட்டேன். போனாலும் போகட்டும். என்னைக் காப்பாத்தப் பாத்து என்னையே கெடுத்துட்டோம்னு நெனச்சுட்டுப் போக வேண்டாமுங்க."

வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். சீக்கிரம் முடிக்க, ஷாக்கைக் குறைக்க, லீவு போட ரிப்போர்ட்டைக் கூட்டி எழுத. தன் மேல் பழியைப் போடச் சொல்லி யாரும் கெஞ்சியதில்லை.

சரசு வந்தாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் நாளைக்கே அவள் எட்டாவது மாத்திரை கொடுப்பாள். அதோடு, அவள் எதை நம்பி ரயில் ஏறுவது என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும், நானும் அவரும் இல்லை. பதமாகத்தான் சொன்னேன், என்னால் முடிந்த மட்டும். மாத்திரை நல்லதுதான், கொடுத்த அளவுதான் தப்பு, அட்டையில் யாரும் இதைத் தமிழில் எழுதி வைக்கவில்லை, உங்கள் மேல் தப்பில்லை என்றெல்லாம்.

"நான் குடுத்ததா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அவள் அழவில்லை. பையிலிருந்து ஒவ்வொரு அட்டையாக எடுத்து என் மேஜை மேல் வைத்தாள். பையின் அடியில் அன்று காலையில் வாங்கிய புது அட்டை ஒன்றும் இருந்தது, மேடம் நிறுத்தச் சொல்லியும் கை நிற்கவில்லை போல. அதையும் வைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஒன்றரை வருஷமா வாயை மோந்து பாத்தனே. ஒரு தடவை என்னைப் புடிச்சுத் தள்ளியிருக்கக் கூடாதா?"

"நீ மோந்து பாப்பேன்னு தெரிஞ்சுதான் குடிக்காம வீட்டுக்கு வந்தேன், போ," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை.

7. என் முறை

அடுத்த இரண்டு மாசம் நன்றாக இல்லை. மாத்திரையை நிறுத்திய பிறகும் வலி கொஞ்சம் கூடியது. அப்படி ஆகலாம் என்று மேடம் முன்பே சொல்லி வைத்திருந்தார், நல்லவேளை. இல்லாவிட்டால் சரசு மறுபடி டப்பாவைத் தூக்கியிருப்பாள். பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. முழுசாகப் போகவில்லை. குடியால் போனது எவ்வளவு, மாத்திரையால் போனது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எட்டு மாசம் கழித்துத் திரும்ப டெஸ்ட்டுக்கு வந்தார்கள். கையில் சென்சரி பார்த்தபோது மட்டைக் கோட்டின் நடுவில் சின்னதாக ஒரு மேடு. வெளி ஆளுக்குக் கண்ணிலேயே படாது. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன், மூன்று தடவையும் வந்தது.

"மதினி, இங்க வந்து பாருங்க," என்று சரசுவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன்.

"இத்தனூண்டா?"

"இத்தனூண்டு வந்துச்சே, அதுக்குச் சந்தோஷப்படுங்க."

சிரித்துவிட்டாள். இப்போதெல்லாம் பொழுது சாய்ந்து வெளியே போனால் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாளாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "அப் தோனோம் பீனே லகே கியா?" என்று கேட்டாராம், இப்போது இரண்டு பேருமே குடிக்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று. கேட்டுட்டுப் போறான் அக்கா என்றாள்.

அப்போது நான் சொன்னேன். எட்டு மாசமாக என் நெஞ்சில் கிடந்ததை.

"அண்ணாச்சி, நீங்க மொதல் தடவை வந்தபோது நான் கையில டெஸ்ட்டு பாக்கல. ஃபார்ம்ல குடிகாரர்னு இருந்துச்சு, காலை மட்டும் பாத்துட்டுப் பத்து நிமிஷத்துல அனுப்பிட்டேன். என்ன மாத்திரை சாப்பிடுதீயன்னும் கேக்கல. முழுசாப் பாத்திருந்தா அன்னைக்கே ஏதாவது தெரிஞ்சிருக்கலாம். ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும்."

சரசுவுக்கு அவள் செய்த தப்பை ஐந்து நிமிஷத்தில் சொல்ல என்னால் முடிந்தது. நான் செய்ததைச் சொல்ல எட்டு மாசம் ஆயிற்று. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார். சரசுதான் பேசினாள்.

"அப்ப நீங்களும் என்னையாட்டமேதானா?"

"ஆமா மதினி."

"சரி," என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு, "இப்பக் காலையும் முழுசாப் பாத்திருங்க. அவசரம் இல்லீங்க, நாங்க உக்காந்திருக்கறோம்" என்றாள்.

அன்றைக்கு முழுசாகப் பார்த்தேன். மறுநாள் காலையில் அறையைத் திறந்ததும், என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பெண்களை வைத்துக்கொண்டு அரை டெஸ்ட்டை ஒழித்தேன். ஃபார்மில் என்ன எழுதியிருந்தாலும் கையும் காலும் பார்க்க வேண்டும். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கக் கூடாது, இல்லை என்றுதான் பதில் வரும். காலையிலிருந்து படுக்கும் வரை சோறு தவிர வாயில் போடுவது என்னென்ன என்று கேட்க வேண்டும். டானிக், பவுடர், சத்து மாத்திரை, பக்கத்து வீட்டில் கொடுத்தது, எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும். வரிசை நீண்டது. வெளியே கத்தினார்கள். நான் ரிட்டயர் ஆகும் வரை கத்திக்கொண்டேதான் இருந்தார்கள்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, முதல் நாளில் ஸ்டிமுலேட்டரை உங்கள் கையில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், நல்ல வழக்கம்தான். அதே மாதிரி, ஃபார்மில் இருக்கும் அந்த ஒற்றை வார்த்தையையும் ஒரு தடவை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு எதிரே உட்கார்ந்திருக்கிறவரைக் காலை நீட்டச் சொல்லுங்கள்.